மைன்கிராஃப்டில் செட்டிநாட்டு வீடு: நல்ல ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஷேடரும் ஒளி ‘மாட்’டும் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டின் நிலைவாசலில் நின்று உள்ளே பார்த்தால் வெளிச்சம் விட்டுவிட்டுத்தான் வரும். திண்ணையில் வெயில், அதைத் தாண்டினால் இருட்டு, வளவு முற்றத்தில் கண் கூசும் வெள்ளை, இரண்டாங்கட்டில் மறுபடி அரை இருட்டு, கடைசியில் பின்வாசல் ஒரு வெளிச்சப் புள்ளி. அந்த வீட்டின் அழகில் பாதி இந்த மாறுதல்தான். அதே வீட்டை, கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி ஆட்டமான மைன்கிராஃப்டில் அருமையாகக் கட்டி, ஷேடர் (ஒளியையும் நிழலையும் மாற்றிக் காட்டும் நிரல்) போட்டுப் படம் எடுத்துப் பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் வேறு: வீடு முழுக்க ஒரே ஆரஞ்சு வெளிச்சம், தண்ணீர் ஊற்றியதுபோல் மின்னும் தரை, மூலைக்கு மூலை புகை மூட்டம். மாட் (ஆட்டத்தை மாற்றச் சேர்க்கும் கூடுதல் நிரல்) போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டைச் சேர்ப்பார்கள். உண்மையில் போட்ட மாட்களே அதிகம்.

வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைச் சரியாகக் காட்டும் ஷேடர் ஒன்றே ஒன்று. அதன் பிறகு தரை, சுவர், மரத்துக்கான டெக்ஸ்சர் (கட்டைகளின் மேற்பரப்புப் படம்). நிறத்தை மாற்றும் வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

இங்கே சொல்வது கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு. கைபேசியிலும் கன்சோலிலும் ஓடும் பெட்ராக் பதிப்பில் இந்த ஷேடர்கள் ஏறாது. அதற்கு, ஆட்டத்தை உருவாக்கிய மோஜாங் 2025இல் கொடுத்த வைப்ரன்ட் விஷுவல்ஸ் என்ற ஒளி அமைப்பு இருக்கிறது. ஒளி, கேமரா பற்றிக் கீழே வருபவை அதற்கும் ஓரளவு பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம்; ஆட்டத்தில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கணினியை முதலில் பாருங்கள்

ஷேடர் மெதுவாக ஓடுகிறது என்ற புகாரில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும், ஆட்டம் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்துக்குள் எஃப்3 அழுத்தினால் திரையின் வலப்பக்கம் எந்தக் கார்டு வேலை செய்கிறது என்று பெயரோடு தெரியும். தவறான பெயர் வந்தால், விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே, அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், ஆட்டத்தை ஓட்டும் ஜாவா நிரலுக்கு உயர் செயல்திறன் என்று தேர்ந்தெடுங்கள். லாஞ்சரில் ஆட்டத்துக்கு ஒதுக்கும் ரேம் 4 ஜிபி இருந்தால் போதும். மொத்தமே 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை ஒதுக்கினால் விண்டோஸ் திணறும், படத்தின் தரமும் கூடாது. ஷேடருக்கும் பெரிய டெக்ஸ்சருக்கும் வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்.

படம் எடுப்பதற்கு வினாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) தேவையில்லை. 15 கிடைத்தாலே கேமராவை நிறுத்தி வைத்து எடுத்துவிடலாம். ஆகவே கட்டும்போது ஷேடரை அணைத்து வையுங்கள், எடுக்கும்போது மட்டும் எல்லா அமைப்பையும் உச்சத்துக்கு ஏற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காரைக்குடிப் பக்கம் மதியம் மடிக்கணினியில் கனமான ஷேடர் ஓட்டினால், சூட்டில் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஷேடர் கனமா, கணினிக்குச் சூடா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

நிறுவுதல்

ஷேடரை ஏற்றும் ஐரிஸ், ஆட்டத்தை வேகப்படுத்தும் சோடியம் இரண்டும் சேர்ந்ததே இன்றைக்குச் சுலபமான வழி. ஐரிஸின் சொந்தத் தளத்திலுள்ள நிறுவியை ஓட்டினால் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடும். ஆட்டத்தின் பதிப்பு எண்ணை நிறுவியில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இதே வேலைக்கான மற்றொரு மாட் ஆப்டிஃபைன் ஏற்கெனவே இருந்தால் எடுத்துவிடுங்கள். சோடியமும் அதுவும் ஒரே வீட்டில் குடியிருக்காது.

ஷேடரை மாட்ரின்த், கர்ஸ்ஃபோர்ஜ் அல்லது அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஷேடர் என்பது ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரிக்காமல் அப்படியே ஷேடர்பேக்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். இறக்கியது தானே நிறுவிக்கொள்ளும் நிரலாக இருந்தால் அது ஷேடர் அல்ல, திறக்காமல் அழித்துவிடுங்கள். ஆட்டத்துக்குள் ஓ விசை ஷேடர் பட்டியலைத் திறக்கும், கே விசை ஷேடரை அணைத்துப் போடும், ஆர் விசை மறுபடி ஏற்றும். கே விசையை அடிக்கடி அழுத்திப் பழகுங்கள். ஷேடர் இல்லாமல் பார்த்தாலும் இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று புரிந்தால்தான் கட்டுமானம் சரி.

எந்த ஷேடர்?

காம்ப்ளிமென்டரி ரீஇமேஜின்டு: மைன்கிராஃப்டின் கட்டைத் தோற்றத்தைக் கெடுக்காமல் ஒளியை மட்டும் திருத்துவது. முதன்முதலாக எடுப்பவர்களுக்கு இதுதான். இதே குழுவின் அன்பவுண்டு பதிப்பு இயற்கைத் தோற்றத்துக்குக் கொஞ்சம் நெருங்கிப் போகும். இரண்டிலும் டெக்ஸ்சர் பேக் இல்லாமலேயே எந்தக் கட்டை மின்ன வேண்டும், எது மங்கலாக இருக்க வேண்டும் என்ற விவரம் உள்ளேயே இருக்கிறது.

பிஎஸ்எல்: காலை, பகல், மாலை, இரவு ஒவ்வொன்றின் ஒளி நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று எண்ணாலேயே மாற்றலாம். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தையும் தனியாக மாற்றலாம். செட்டிநாட்டு வீட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய வசதி. ஆனால் தொடக்க அமைப்பில் நிறம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அப்படியே விட்டால் சுண்ணாம்புச் சுவர் வெண்ணெய் நிறமாகிவிடும்.

ரீதிங்கிங் வாக்ஸல்ஸ்: விளக்கிலிருந்து வரும் ஒளிக்கும் நிழல் விழ வைப்பது. குத்துவிளக்குப் படத்துக்கு அற்புதம், கார்டுக்குப் பாரம்.

எஸ்இயுஎஸ் பிடிஜிஐ போன்ற பாத் டிரேசிங் வகை: முற்றத்தில் விழுந்த வெயில் சுவரில் பட்டுத் திரும்பி உள்ளறைக்குப் போவதை இவைதான் உண்மையாகக் கணக்கிடும். 6 ஜிபிக்குக் குறைந்த கார்டில் இதைத் தொட வேண்டாம். கேமரா அசைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், நின்றால் தெளியும்.

இணையத்தில் பார்த்த படங்களை வைத்து ஷேடரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை மலையும் ஏரியும். உங்களுக்கு வேண்டியது முற்றமும் தூணும். உங்கள் வீட்டிலேயே மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள்: முகப்புக்கு எதிரே தெரு, முற்றத்தின் விளிம்பில் ஒரு தூண் ஓரம், வளவை ஒட்டிய உள்ளறை. ஒவ்வோர் இடத்திலும் எஃப்3ஐயும் சி விசையையும் சேர்த்து ஒருமுறை தட்டினால், நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் ஒரு கட்டளையாகக் கிளிப்போர்டில் பதியும். அதை ஒரு குறிப்புக் கோப்பில் ஒட்டி வையுங்கள். தட்டுங்கள், பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்: 10 வினாடி பிடித்தால் ஆட்டம் வேண்டுமென்றே உடைந்து மூடும்படி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு ஷேடரிலும் அந்த மூன்று இடத்துக்கும் அதே கட்டளையால் போய், ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். தெருவில் எல்லா ஷேடரும் அழகாகத்தான் இருக்கும். உள்ளறையில்தான் சாயம் வெளுக்கும்.

சூரியனை நம் ஊருக்குக் கொண்டுவருவது

மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது 24000 துடிப்பு. 0 என்பது காலை 6 மணி, ஒவ்வொரு 1000மும் ஒரு மணி நேரம், 6000 உச்சிப்பொழுது, 12000 மாலை 6. டைம் செட் என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் போதும். அப்படியே நேரத்தை உறைய வைக்க, 1.20.3 பதிப்பிலிருந்து டிக் ஃபிரீஸ் என்ற கட்டளை இருக்கிறது; உலகமே நிற்கும், நீங்கள் மட்டும் நடக்கலாம்.

சூரியன் சரியாகக் கிழக்கில் உதித்து மேற்கில் மறையும். வீட்டைக் கட்டத் தொடங்கும்முன் எஃப்3 திரையில் திசையைப் பார்த்து முகப்பைக் கிழக்கு நோக்கி வையுங்கள். செட்டிநாட்டில் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கிழக்கு மேற்காக நீளும் அந்த அமைப்பைப் பின்பற்றினால் படத்துக்கான நேரங்கள் தாமாகவே அமையும். முகப்பு, திண்ணை, அதன் சுதைச் சிற்பங்களுக்கு 500 முதல் 2500 வரை. வளவு முற்றத்துக்கு 5000 முதல் 7000. பின்கட்டுக்கும் சமையல்கட்டுக்கும் 10000க்கு மேல். மேற்கு நோக்கி வீட்டைத் திருப்பிவிட்டுக் காலை வெயிலில் முகப்பு ஏன் இருட்டாக இருக்கிறது என்று ஷேடரைத் திட்டுவதில் பயனில்லை.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் சூரியப் பாதையின் சாய்வு. ஷேடர் இல்லாத ஆட்டத்தில் சூரியன் நேர் உச்சியில் போகும். பல ஷேடர்கள் அழகுக்காக அதைச் சாய்த்து வைக்கின்றன. பிஎஸ்எல்லில் தொடக்க மதிப்பு 40 பாகை. அது ஐரோப்பிய வெயில். காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். மார்ச், செப்டம்பர் சமநாள்களில் 10 பாகை தெற்கே சாயும். மார்கழியில்தான் 33 பாகைக்கு அருகே போகும். 40 பாகைச் சாய்வில் முற்றத்தின் தரைக்கு வெயிலே வராமல் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழுந்து நிற்பது இதனால்தான். சாய்வை 10க்கோ, ஷேடரில் கிடைக்கும் அதற்கு நெருங்கிய எண்ணுக்கோ மாற்றுங்கள். தெற்குக்குப் பதிலாக வடக்கே சாய்ந்தால் எண்ணின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே படம் நம் ஊர் மதியமாகிவிடும்.

மழையை நிறுத்த வெதர் கிளியர். நிலத்தின் நிறமும் முக்கியம்: ஐரோப்பியப் புல்வெளிப் பச்சை இந்த வறண்ட பூமிக்கு ஒட்டாது. சவன்னா பயோமில் (பயோம் என்பது ஆட்டத்தின் நிலவகை) புல் காய்ந்த நிறமாக இருக்கும், மழையும் பெய்யாது. வேறு பயோமில் கட்டிவிட்டீர்களா? 1.19.3 முதல் ஃபில்பயோம் கட்டளையால் வீட்டைச் சுற்றி மட்டும் மாற்றலாம். ஒரு முறைக்கு 32768 கட்டை என்பது எல்லை, ஆகவே துண்டு துண்டாகச் செய்யுங்கள்.

நிழல் அமைப்பு: ஒரு சின்னக் கணக்கு

ஷேடர், சூரியன் இருக்கும் இடத்திலிருந்து உலகத்தை ஒரு சதுரப் படமாக எடுத்து நிழலைக் கணக்கிடுகிறது. அந்தப் படத்தின் அளவு 2048 பிக்சல், நிழல் தூரம் 128 கட்டை என்றால், இரு பக்கமும் சேர்த்து 256 கட்டை அதற்குள் அடங்க வேண்டும். கட்டைக்கு 8 பிக்சல்தான் மிஞ்சும். மரவேலை நிறைந்த தூண் போதிகையின் (தூணின் உச்சிப் பகுதி) நிழல் அதில் சாணி மெழுகியதுபோல் தெரியும். தூரத்தை 64 ஆக்கி, அளவை 4096 ஆக்கினால் கட்டைக்கு 32 பிக்சல். பல ஷேடர்கள் கேமராவுக்கு அருகில் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும்படி படத்தை வளைத்துக்கொள்கின்றன என்றாலும் விகிதம் இதுவே. ஒரு வீட்டைத்தான் எடுக்கிறீர்கள். 64 முதல் 96 போதும். தெரு முழுவதையும் மேலிருந்து எடுக்கும்போது மட்டும் தூரத்தை ஏற்றுங்கள்.

நிழலின் விளிம்பு எவ்வளவு மென்மை என்பதையும் கவனியுங்கள். ஆத்தங்குடியிலோ கானாடுகாத்தானிலோ திறந்திருக்கும் வீடு ஒன்றில் மதியம் 12 மணிக்கு முற்றத்து ஓரம் நின்று பாருங்கள்: ஓட்டு விளிம்பின் நிழல் தரையில் கத்தி வெட்டியதுபோல் இருக்கும். ஷேடரில் நிழல் மென்மை என்ற அமைப்பைக் குறைத்து வைத்தால்தான் அந்த வெயிலின் கடுமை வரும். மூடிய அறையின் மூலையில் வெளிச்சக் கோடு கசிந்தால், சுவர் ஒரு கட்டைத் தடிமன் மட்டுமே இருப்பது காரணமாக இருக்கலாம். இரண்டாக்குங்கள். நிஜ வீட்டுச் சுவரும் தடிமன்தானே.

உள்வெளிச்சம்: வேலை இங்கேதான்

மைன்கிராஃப்டில் வானவெளிச்சம் திறந்த வெளியில் 15. கூரைக்குள் பக்கவாட்டில் நுழைந்தால் கட்டைக்கு ஒன்றாகக் குறையும். முற்றத்தின் விளிம்பிலிருந்து 5 கட்டை உள்ளே 10, 12 கட்டை உள்ளே 3. ஷேடர்களும் உள்ளறையின் பொதுவெளிச்சத்துக்கு இந்த எண்ணையே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே முற்றத்தைக் கட்டும்போதே யோசியுங்கள்: 5க்கு 5 முற்றத்தைச் சுற்றி 8 கட்டை ஆழத் தாழ்வாரம் வைத்தால் உள்ளறைகளில் ஒன்றும் தெரியாது. 9க்கு 11 முற்றம், 4 கட்டைத் தாழ்வாரம் என்று வைத்தால் வெளிச்சம் நன்றாக இறங்கும்.

இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸ் அளவை உச்சத்துக்கு ஏற்றுவது முதல் தவறு. சுவர், தரை, தூண் எல்லாம் ஒரே சாம்பலாகி, வீட்டின் ஆழமே போய்விடும். நடுவில் வைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் வெளிச்சம் சேருங்கள். அதற்கென்றே 1.17 முதல் கண்ணுக்குத் தெரியாத லைட் கட்டை ஒன்று இருக்கிறது. கிவ் கட்டளையால் எடுக்கலாம். கிரியேட்டிவில் வைத்து வலப்பக்கப் பொத்தானை அழுத்த அழுத்த 0 முதல் 15 வரை மாறும். கையில் அதே கட்டை இருக்கும்போதுதான் வைத்த இடங்கள் தெரியும். தாழ்வாரத்தின் உள்கோடியில் 5 அல்லது 6 அளவில் ஒன்றிரண்டு வைத்தால், முற்றத்து வெயில் சுவரில் பட்டுத் தெறித்து வந்ததுபோலவே இருக்கும். 10க்கு மேல் போனால் ஒளிந்திருக்கும் டியூப்லைட்தான். விளக்கு வெளிச்சத்துக்கு ஷேடர் ஆரஞ்சு நிறம் கொடுப்பதால் இந்தக் கட்டையும் ஆரஞ்சாகத் தெரியும். பகல் படம் எடுக்கும்போது பிஎஸ்எல்லில் விளக்கு நிறத்தை வெள்ளைக்கு அருகே கொண்டுபோங்கள், இரவுப் படத்துக்குத் திருப்பி வையுங்கள்.

விளக்குகளின் அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லான்டர்ன் 15, டார்ச் 14, ஒரு மெழுகுவத்தி 3, ஒரே இடத்தில் நான்கு வைத்தால் 12. வேலிக் கட்டை ஒன்றின்மேல் நான்கு மெழுகுவத்தியை ஏற்றினால் ஏறக்குறைய குத்துவிளக்கு. திருக்கார்த்திகைப் படம் எடுப்பதாக இருந்தால் திண்ணை ஓரம் இரண்டு கட்டைக்கு ஒன்றாக ஒற்றை மெழுகுவத்திகளை வரிசையாக வையுங்கள். லான்டர்னை வைத்தால் கல்யாண வீட்டு லைட்டிங் ஆகிவிடும். நேரம் 12800 முதல் 13200க்குள். வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். 18000இல் எடுத்தால் ஓட்டின் விளிம்பும் வானமும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவு. பல ஷேடர்களில், இருட்டைப் பார்த்தால் படத்தைத் தானாக வெளுக்க வைக்கும் அமைப்பு உண்டு. நடந்து விளையாட நல்லது. படத்துக்கு ஆகாது: கேமரா கொஞ்சம் தாழ்ந்தாலும் முற்றம் வெள்ளைக் காகிதமாகிவிடும். அணைத்துவிடுங்கள். முற்றத்து வெயிலில் தரையின் பூவேலை தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ஒரு படம். கேமராவை அசைக்காமல், உள்ளறை தெரியும் அளவுக்குக் கூட்டி இன்னொரு படம். வெளிச்சம் கூட்டிய படம் மேலே வரும்படி இரண்டையும் ஜிம்ப் போன்ற மென்பொருளில் அடுக்கி, மேலுள்ள படத்தில் வெளுத்த பகுதியை மட்டும் மறைத்தால் கண் பார்ப்பதுபோன்ற படம் கிடைக்கும். கட்டடப் படம் எடுப்பவர்கள் நிஜ வீட்டில் செய்வதும் இதைத்தான்.

வெயில் கற்றை கொஞ்சமாக இருந்தால் முற்றத்துக்கு அழகு. தொடக்க அளவில் பாதி போதும். செட்டிநாட்டுப் பகல் வறண்டது. மார்கழி விடியலைத் தவிர வேறு எப்போதும் மூடுபனி அமைப்பைக் கூட்ட வேண்டியதில்லை.

தரை, சுவர், கண்ணாடி

ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பது. அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. மென்மையான மினுமினுப்பு அது. முகம் பார்க்கும் பளபளப்பு இல்லை. ஆட்டத்தில் க்ளேஸ்டு டெரகோட்டா இதற்குப் பொருத்தம். 16 நிறம் உண்டு. நான்கை 2க்கு 2ஆக, ஒவ்வொன்றையும் வேறு திசையில் நின்று வைத்தால் பூ முழுமையாகும். வீடு முழுக்கப் போடாதீர்கள். வளவில் சிவப்பும் மஞ்சளும், ஓரக்கரைக்கு வேறு நிறம், அறைகளுக்குச் சாதாரணத் தரை என்று பிரித்தால்தான் கண் நிற்கும்.

சுவருக்குக் கால்சைட்டையோ வழவழப்பான குவார்ட்ஸையோ எடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் மெல்லிய மினுக்கு குவார்ட்ஸில் நன்றாக வரும். பர்மா தேக்குத் தூணுக்கு ஸ்ட்ரிப்டு டார்க் ஓக் அல்லது ஸ்ப்ரூஸ், கருங்கல் தூணுக்கு பாலிஷ்டு பிளாக்ஸ்டோன்.

தரையின் பிரதிபலிப்பில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஷேடர்கள் திரையில் தெரிவதை மட்டுமே தரையில் பிரதிபலிக்கும். தூணின் மேல்பாதி படத்துக்கு வெளியே இருந்தால், தரையிலும் தூண் பாதியில் அறுந்து நிற்கும். பின்னால் நகர்ந்து போதிகை வரை படத்துக்குள் வரும்படி எடுங்கள். தேவையில்லாத மேல்பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வண்ணக் கண்ணாடிச் சாளரம் தரையில் நிறம் தெளிக்க வேண்டுமானால், ஷேடரில் வண்ண நிழல் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். வெயில் கண்ணாடிக்கு நேராக வரும் நேரமும் வேண்டும்: கிழக்குச் சாளரத்துக்கு 1000 முதல் 3000. கீழே வெள்ளைத் தரை இருந்தால்தான் நிறம் தெரியும். பூவேலைத் தரையின்மேல் விழுந்தால் இரண்டும் கெடும்.

டெக்ஸ்சர் பேக் போடுவதானால் லேப்பிபிஆர் முறையில் (மினுமினுப்பு, மேடுபள்ள விவரங்களையும் சேர்த்துத் தருவது) செய்ததா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். பிறகு ஷேடரிலும் அதை இயக்க வேண்டும்: காம்ப்ளிமென்டரியில் ரெசோர்ஸ் பேக் ஆதரவு என்ற இடத்தில், பிஎஸ்எல்லில் அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் என்ற இடத்தில். இதை விட்டுவிட்டால் பேக் வெறும் நிறமாகவே தெரியும். 128 பிக்சல் அளவு போதுமானது. 512 எடுத்தால் 4 ஜிபி கார்டு மூச்சு முட்டும். தவிர, நிஜப் புகைப்படம் ஒட்டிய கட்டைகள் பொம்மை வீட்டுத் தோற்றத்தைத்தான் தரும்.

கேமரா

எஃப்ஓவி (கேமரா பார்க்கும் கோணம்) தொடக்கத்தில் 70. முகப்புக்கு 40 முதல் 50 வரை வைத்து, தள்ளி நின்று எடுங்கள். 90இல் எடுத்தால் தூண்கள் விரிந்து சாயும். நீளவாக்கில் நிலைவாசல் முதல் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் எடுக்க 30. கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். பார்வையை மேலும் கீழும் சாய்க்காமல் கிடைமட்டமாக வைத்தால் தூண்கள் செங்குத்தாக நிற்கும். உயரம் போதவில்லை என்றால் தலையைத் தூக்காதீர்கள், நிற்கும் இடத்தை உயர்த்துங்கள். பறக்கும்போது எஃப்ஓவி தானாகச் சற்று விரியும் என்பதால் எஃப்ஓவி விளைவு அமைப்பைச் சுழியமாக்கிவிடுங்கள்.

எஃப்1 அழுத்தினால் கையும் பட்டையும் மறையும். மோஷன் பிளரை (அசைவு மங்கலை) அணைத்து, மூன்று வினாடி அசையாமல் இருந்து, எஃப்2. அந்த மூன்று வினாடி சும்மா இல்லை: டிஏஏ என்ற விளிம்பு சீராக்கும் முறை பல சட்டகங்களைச் சேர்த்துத்தான் படத்தைத் தெளிவாக்குகிறது. ஆடும் இலைகள் அதில் கலங்கித் தெரிந்தால், ஷேடரில் இலையாட்டத்தை நிறுத்துங்கள். எஃப்2 எடுப்பது ஜன்னலின் அளவுதான். என்விடியா கார்டில் டிஎஸ்ஆர் (பெரிய அளவில் வரைந்து திரைக்குச் சுருக்குவது) 4 மடங்கு அமைப்பைப் போட்டால் 1080 வரித் திரையிலேயே 3840க்கு 2160 படம் கிடைக்கும்.

வேறு ஆட்டங்களில்

ஸ்கைரிம் சிறப்புப் பதிப்பிலும் வரிசை அதேதான்: வானிலை மாட், உள்ளறை ஒளி மாட், பிறகு இஎன்பி (ஒளி, நிற விளைவுகளை மாற்றும் கருவி). இஎன்பி ப்ரீசெட் (தயாராகக் கிடைக்கும் அமைப்புத் தொகுப்பு) ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வானிலை ‘மாட்’டுக்காகச் சரிசெய்யப்பட்டது. அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். வேறு வானிலையோடு போட்டால் மேகம் எரியும், இரவு கரியாகும். உள்ளறைக்கு லக்ஸ், ஈஎல்எஃப்எக்ஸ் இரண்டில் ஒன்று மட்டும். இஎன்பியும் அதற்கு மாற்றான கம்யூனிட்டி ஷேடர்ஸும் சேர்ந்து ஓடாது. நிழல் விழும் விளக்குகள் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் இருந்தால் அந்த எஞ்சின் தாங்காது; அறையில் நிழல் விட்டுவிட்டு மறைந்தால் ப்ரீசெட்டைக் குறை சொல்லாமல் விளக்கைக் குறையுங்கள். ஆட்டத்தின் கட்டளைப் பெட்டியில் டிஎஃப்சி என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, 1 அடித்தால் உலகம் நின்று கேமரா தனியாகப் பறக்கும். டிஎம் திரைப் பட்டைகளை மறைக்கும்.

ரீஷேட் எந்த ஆட்டத்திலும் கடைசிப் பூச்சு. முடிந்த படத்தின்மேல் நிறமும் கூர்மையும் மாற்றும். ஆட்டத்துக்குள் புது விளக்கை ஏற்றி வைக்காது. ஆழத் தகவலை வைத்து வேலை செய்யும் விளைவுகள் தலைகீழாகவோ வேலை செய்யாமலோ இருந்தால் டிஸ்பிளேடெப்த் என்ற விளைவைப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் எம்எஸ்ஏஏ (இன்னொரு விளிம்பு சீராக்கும் முறை) இயங்கினால் அதை அணைப்பதே முதல் மருந்து. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் ஆட்ஆன் ஆதரவுள்ள ரீஷேட் பதிப்பைப் போடாதீர்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கணக்கையே முடக்கலாம். மைன்கிராஃப்டில் ஷேடரே இந்த வேலையைச் செய்வதால் ரீஷேட் தேவையில்லை.

கடைசி நிறம்

விண்டோஸின் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரை மஞ்சளாக இருக்கும்போது சரிசெய்த படம் மறுநாள் காலையில் நீலமாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த மஞ்சள் பதியாது. சுண்ணாம்புச் சுவர் ஒன்றை அளவுகோலாக வைத்து, வெயிலில் அது வெள்ளையாகவும் நிழலில் மிக லேசான நீலமாகவும் வரும்வரை வண்ணச் சமநிலையைத் திருத்துங்கள். மற்ற நிறங்கள் அதன்பின் தாமே வரும். ஆரஞ்சு நீல சினிமா ஃபில்டர் போட்டால் தேக்கும் ஆத்தங்குடிச் சிவப்பும் ஒரே நிறமாகிவிடும்.

படம் பிஎன்ஜி கோப்பாக ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தரையின் பூவேலை கரைந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே ஷேடரின் பெயர், பதிப்பு எண், நேர எண், எஃப்ஓவி நான்கையும் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து இரண்டாங்கட்டைக் கட்டி முடித்து வரும்போது அதே வெயிலை மறுபடி பிடிக்கலாம்.